பெனால்டி கிக் முதல் மிதிவண்டித் திட்டம் வரை: பொருளியல் கோட்பாட்டை நிஜத் தரவில் உரசிப் பார்ப்பது எப்படி?

"கூலியை ஏற்றினால் வேலை குறையும்" என்று பொருளியல் படித்த நாலு பேர் நடுவில் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேர் தலையாட்டுவார்கள், இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். அந்த நாலு பேரில் எத்தனை பேர் எங்காவது ஒரு ஊரில் கூலி ஏறியபோது வேலை உண்மையிலேயே குறைந்ததா என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள்? அந்த எண்ணிப் பார்க்கும் வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பள்ளிக்கூடக் கணக்கும் ஒரு எக்செல் ஷீட்டும் போதும். உதாரணங்களைப் பாதி விளையாட்டிலிருந்தும் பாதி அரசுத் திட்டங்களிலிருந்தும் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் இரண்டிலும் செய்கிற வேலை ஒன்றேதான். விளையாட்டில் அது தெளிவாகத் தெரியும், அரசுத் திட்டத்தில் அதற்கு நிறையப் பாடுபட வேண்டும்.

படி 1: கோட்பாட்டைத் தோற்கக்கூடிய வாக்கியமாக மாற்றுங்கள்

"மனிதர்கள் ஆதாயம் பார்த்து நடப்பார்கள்" என்பதைச் சோதிக்க முடியாது. எது நடந்தாலும் "அவருக்கு அதில்தான் ஆதாயம் போல" என்று சொல்லிவிடலாம். "குழந்தையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டால் தாமதம் குறையும்" என்பதைச் சோதிக்கலாம், ஏனென்றால் அது பொய்யாகிவிட வாய்ப்பு இருக்கிறது. பொய்யாகவும் ஆனது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களை ஊரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 20 வாரம் கவனித்தார்கள். ஆறு காப்பகங்களில் ஐந்தாவது வாரத்திலிருந்து, 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம். மீதி நாலில் எதுவும் மாற்றவில்லை. அபராதம் போட்ட இடங்களில் தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 17ஆவது வாரத்தில் அபராதத்தை எடுத்த பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் தடுத்துக்கொண்டிருந்தது, 10 ஷெக்கல் வந்ததும் பெற்றோர் அதைக் கூடுதல் நேரத்துக்கான விலையாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

ஆகவே தரவைத் தொடும் முன் ஒரு தாளில் இதை எழுதிவிடுங்கள்: முடிவெடுப்பவர் யார், அவருக்கு எது லாபம், கோட்பாடு சரியென்றால் எந்த எண் எந்தப் பக்கம் நகர வேண்டும், எந்த எண் வந்தால் "கோட்பாடு இங்கே தவறு" என்று ஒப்புக்கொள்வேன். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத வரவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது கோட்பாடு இல்லை, அபிப்பிராயம். தாளில் தேதி போட்டு வையுங்கள், பிறகு அது உதவும்.

படி 2: களத்தைத் தேர்ந்தெடுப்பது

விளையாட்டை நான் விரும்புவதற்குக் காரணம், அதில் விதி எழுத்தில் இருக்கிறது, பரிசு என்ன என்று தெரியும், ஒவ்வொரு அசைவும் பதிவாகிறது, ஆடுபவர் அதையே தொழிலாகக் கொண்டவர். ஆய்வகத்தில் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து சில்லறைக் காசுக்கு ஆடச் சொன்னால் அவர்கள் எவ்வளவு மனது வைத்து ஆடுவார்கள் என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும், உலகக் கோப்பைப் பெனால்டியில் அந்தச் சந்தேகம் கிடையாது. அரசுத் திட்டங்கள் அப்படியில்லை. ஒரே வருஷத்தில் மழை பொய்க்கும், தேர்தல் வரும், விலைவாசி ஏறும், அதற்கு நடுவில் திட்டமும் வரும். எது எதனால் நடந்தது என்று பிரித்தெடுப்பதே பெரிய பாடு. ஆனால் அங்கேதான் மக்களின் சோறும் படிப்பும் இருக்கிறது என்பதால் விட்டுவிடவும் முடியாது.

படி 3: கோட்பாடு எந்த எண்ணைச் சொல்கிறது என்று கையால் கணக்கிடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். பெனால்டி கிக் எடுத்துக்கொள்வோம். வலதுகால்காரருக்கு உடலைத் திருப்பி அடிக்க வாட்டமான பக்கம் அவருடைய இடப்பக்கம், இடதுகால்காரருக்கு வலப்பக்கம். வாட்டமான பக்கமே எப்போதும் அடித்தால் கீப்பர் அங்கேயே பாய்ந்துவிடுவார். அதனால் இரண்டையும் கலக்க வேண்டும். எந்த விகிதத்தில் கலப்பது? இக்னாசியோ பலாசியோஸ்-உவேர்ட்டா என்ற பொருளியலாளர் 1995 முதல் 2000 வரை, பெரும்பாலும் இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து லீக்குகளில் அடிக்கப்பட்ட 1,417 பெனால்டிகளைச் சேகரித்து 2003இல் வெளியிட்டார். கோல் விழுந்த சதவீதம் இப்படி இருந்தது ("வாட்டமான பக்கம்" என்பது அடிப்பவருக்கு வாட்டமானது, "மறுபக்கம்" அதற்கு எதிர்ப்பக்கம்):

இருவரும் மறுபக்கம் போனால்: 58.30
அடிப்பவர் மறுபக்கம், கீப்பர் வாட்டமான பக்கம்: 94.97
அடிப்பவர் வாட்டமான பக்கம், கீப்பர் மறுபக்கம்: 92.91
இருவரும் வாட்டமான பக்கம் போனால்: 69.92

இனி கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் 1928இல் நிரூபித்த கோட்பாட்டுக்கு வருவோம். அடிப்பவர் தன் கலவையை எப்படி அமைக்க வேண்டுமென்றால், கீப்பர் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் அவருக்கு ஒரே பலன்தான் கிடைக்க வேண்டும். மறுபக்கம் அடிக்கும் பங்கை "அ" என்று வைப்போம். கீப்பர் மறுபக்கம் பாய்ந்தால் கோல் விழும் வாய்ப்பு 58.30 × அ + 92.91 × (1 − அ). வாட்டமான பக்கம் பாய்ந்தால் 94.97 × அ + 69.92 × (1 − அ). இரண்டையும் சமப்படுத்தினால் 22.99 = 59.66 × அ, அதாவது அ = 0.3854. நூற்றுக்கு 38.54 முறை மறுபக்கம் அடிக்க வேண்டும் என்கிறது கோட்பாடு. நிஜத்தில் வீரர்கள் அடித்தது 39.98. கீப்பருக்கும் இதே கணக்கைப் போட்டால் 41.99 சதவீதம் மறுபக்கம் பாய வேண்டும் என்று வரும், பாய்ந்தது 42.31.

நான் முதல்முறை இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது விடையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் யாரும் சமன்பாடு போடவில்லை. கோடிக்கணக்கில் சம்பளமும் பல வருஷப் பழக்கமும் சேர்ந்து அவர்களை அந்த எண்ணுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன், அந்த நாலு எண்ணையும் எடுத்து ஒருமுறை நீங்களே கணக்கிடுங்கள். படித்துக் கடந்து போனால் இந்தச் சுவை கிடைக்காது.

படி 4: எவ்வளவு நெருக்கம் என்றால் நெருக்கம்?

38.54க்கும் 39.98க்கும் இடையே 1.44 வித்தியாசம் இருக்கிறது. இது தற்செயலா, கோட்பாட்டின் ஓட்டையா? இதற்குத் திட்டப்பிழை என்ற ஒரே ஒரு சூத்திரம் போதும்: பங்கை (1 − பங்கு) ஆல் பெருக்கி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 0.3854 × 0.6146 ÷ 1417 என்று போட்டு வர்க்கமூலம் எடுத்தால் 0.0129, அதாவது 1.3 சதவீதப் புள்ளி. கிடைத்த வித்தியாசம் இதைப்போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் தற்செயலாகவே வந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். இங்கே ஒரு மடங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், ஒரு கோட்பாடு ஒரு எண்ணோடு நின்றுவிடாது, அதிலிருந்து இன்னும் என்னென்ன வெளியே வரும் என்று தேடுங்கள். கலப்பது சரியான விகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, போன முறை எந்தப் பக்கம் அடித்தோம் என்பது அடுத்த முறையைத் தீர்மானிக்கவும் கூடாது. தீர்மானித்தால் எதிராளி கண்டுபிடித்துவிடுவார். மார்க் வாக்கரும் ஜான் வூடர்ஸும் 2001இல் வெளியிட்ட டென்னிஸ் ஆய்வில் விம்பிள்டன் போன்ற பெரிய ஆட்டங்களின் சர்வீஸ்களை எண்ணிப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் வெற்றி விகிதம் கோட்பாடு சொன்னபடி சமமாகவே இருந்தது, ஆனால் வீரர்கள் தேவைக்கு மேல் பக்கம் மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒரே கோட்பாடு, ஒரே தரவு, முதல் சோதனையில் தேறியது, இரண்டாவதில் தேறவில்லை. பெனால்டி அடிப்பவர்களோ இந்த இரண்டாவது சோதனையிலும் தேறினார்கள். இப்படிப் பாதி தேறிப் பாதி தேறாத முடிவுகளை மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மையான வேலை.

படி 5: "இது நடக்காமல் இருந்திருந்தால்?" என்ற கேள்விக்கு ஆள் தேடுங்கள்

பெனால்டியில் கோட்பாடே எண்ணைக் கொடுத்துவிட்டது. அரசுத் திட்டங்களில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. திட்டம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்தால்தான் திட்டம் என்ன செய்தது என்று சொல்ல முடியும், அது யார் கண்ணிலும் படாத ஒன்று. அதற்குப் பதிலாகப் பக்கத்து ஊரைப் பார்ப்போம்.

1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கான குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பென்சில்வேனியாவில் 4.25 அப்படியே இருந்தது. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னால் ஒருமுறையும் அந்த ஆண்டின் இறுதியில் ஒருமுறையும் விசாரித்தார்கள். பகுதிநேர ஆளை அரை ஆளாக எண்ணி, ஒரு கடைக்குச் சராசரி முழுநேர ஆட்கள் எத்தனை என்ற கணக்கு இது:

நியூ ஜெர்சி: முன்பு 20.44, பின்பு 21.03
பென்சில்வேனியா: முன்பு 23.33, பின்பு 21.17

நியூ ஜெர்சியை மட்டும் பார்த்தால் 0.59 கூடியிருக்கிறது. பென்சில்வேனியாவில் 2.16 குறைந்திருக்கிறது, அங்கே கூலியை யாரும் தொடவில்லை, ஆகவே அந்தக் குறைவு அந்தப் பகுதியின் பொதுவான மந்தம். அதே மந்தம் நியூ ஜெர்சிக்கும் பொருந்தும் என்று கொண்டால் அங்கேயும் 2.16 குறைந்திருக்க வேண்டும். குறையாமல் 0.59 கூடியிருப்பதால் கூலி உயர்வின் கணக்கில் வருவது 0.59 + 2.16, ஏறத்தாழ 2.75 ஆட்கள் கூடுதல். இதற்கு வித்தியாசத்தின் வித்தியாசம் என்று பெயர். இதன் திட்டப்பிழை 1.36 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதாவது இரண்டு மடங்கைத் தொட்டு நிற்கும் முடிவு. "வேலை கூடியது" என்று கூவுவதற்கு இது போதாது, "கோட்பாடு சொன்ன பெரிய சரிவு கண்ணில் படவில்லை" என்று சொல்லத் தாராளமாகப் போதும். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பட்டியல் தரவை வைத்து இதை மறுத்தார்கள், கார்டும் குரூகரும் அரசின் பதிவுகளை வைத்து 2000இல் பதில் எழுதினார்கள், சண்டை நீண்டது. அந்தச் சண்டையால்தான் இந்தத் துறை வளர்ந்தது என்பது என் எண்ணம். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது, குரூகர் 2019இலேயே இறந்துவிட்டார்.

இந்த முறையின் உயிர் ஒரே ஒரு அனுமானத்தில் இருக்கிறது: மாற்றம் வராவிட்டால் இரண்டு இடமும் ஒரே போக்கில் போயிருக்கும். அதனால் முடிந்தவரை மாற்றத்துக்கு முந்தைய சில வருஷங்களின் எண்களை எடுத்து இரண்டு கோடுகளையும் வரைந்து பாருங்கள். அப்போதே ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போய்க்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்து ஊர் உங்களுக்கு உதவாது, வேறு ஊர் தேட வேண்டியதுதான்.

நம் நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பீகார். அங்கே 2006இல் ஒன்பதாம் வகுப்பு சேரும் பெண் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. பெண்கள் சேர்க்கை ஏறியது. ஆனால் அதே காலத்தில் பீகாரில் சாலை வந்தது, ஆசிரியர் நியமனம் நடந்தது, மாநில வருமானமும் ஏறியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்தது இது: முதலில் மிதிவண்டி பெற்ற வயதுப் பெண்களை அதற்குச் சற்று மூத்த பெண்களோடு ஒப்பிட்டார்கள், அந்த வித்தியாசத்திலிருந்து பையன்களிடம் தெரிந்த அதே வித்தியாசத்தைக் கழித்தார்கள் (சாலையும் ஆசிரியரும் பையன்களுக்கும் பொதுதானே), அதிலும் மிச்சம் இருக்கும் பொதுப்போக்கைக் கழிக்க, 2000 வரை பீகாரோடு ஒரே மாநிலமாக இருந்த ஜார்க்கண்டில் இதே கணக்கைப் போட்டு அதையும் கழித்தார்கள். மூன்று முறை சலித்த பிறகும் பெண்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. அதோடு நிற்கவில்லை. மிதிவண்டிதான் காரணம் என்றால், பள்ளி பக்கத்தில் இருக்கும் கிராமத்தில் பலன் குறைவாகவும் தூரத்தில் இருக்கும் கிராமத்தில் அதிகமாகவும் இருக்க வேண்டும் அல்லவா? அப்படியே இருந்தது, பலன் பெரும்பாலும் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களில். காரணம் செயல்படும் வழியையே சோதிக்கும் இப்படிப்பட்ட கேள்விதான் ஒரு ஆய்வை நம்ப வைக்கிறது.

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி தருகிறோமே, அதை இப்படி அளக்க முடியுமா என்று பலரும் கேட்பார்கள். கடினம். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆண், பெண் இருவருக்கும் மாநிலம் முழுக்கக் கொடுத்துவிட்டால் கழிப்பதற்கு ஆள் இல்லை. திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுத்தால் அளவுகோல் போய்விடுகிறது, மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்துக்கொண்டு போனால் அளவுகோல் தானாகவே கிடைக்கிறது. திட்டம் போடுபவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைக்க வேண்டுகிறேன்.

படி 6: விளையாட்டு விதி மாறும்போது அதைச் சட்டம் மாறியதாகவே நடத்துங்கள்

கால்பந்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளி என்றிருந்ததை இங்கிலாந்து 1981இல் மூன்றாக்கியது, 1994 உலகக் கோப்பை அதைப் பின்பற்றியது, ஸ்பெயின் லீக் 1995-96 பருவத்தில் மாறியது. நோக்கம் நல்லதுதான், டிராவுக்கு ஆடாமல் கோல் அடிக்க ஆடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு. கோட்பாடோ வேறொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: பரிசைக் கூட்டினால் முயற்சி கூடும், ஆனால் எதிராளியைக் கெடுப்பதும் ஒரு முயற்சிதான். லூயிஸ் கரிகானோவும் பலாசியோஸ்-உவேர்ட்டாவும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பருவங்களை ஒப்பிட்டார்கள். பக்கத்து ஊருக்கு எங்கே போவது? அதே அணிகள் ஆடும் நாக்-அவுட் கோப்பைப் போட்டிகளை எடுத்தார்கள், அங்கே புள்ளியே கிடையாது, விதி மாற்றம் தொடவில்லை. முடிவு: தாக்கி ஆடும் வீரர்களை அதிகம் இறக்கினார்கள், அதோடு முரட்டு ஆட்டமும் கூடியது, கோல் கூடவில்லை. ஒரு கோல் முன்னிலை பெற்றதும் கதவை இழுத்துச் சாத்தும் ஆட்டம் அதிகமானது.

இதற்கு முன்னோடியாக ஒரு கூடைப்பந்து ஆய்வு உண்டு. அமெரிக்கக் கல்லூரி லீக் ஒன்றில் 1970களின் இறுதியில் நடுவர்களை இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்தினார்கள். ராபர்ட் மெக்கார்மிக்கும் ராபர்ட் டாலிசனும் கணக்கிட்டபோது ஃபவுல்கள் 34 சதவீதம் குறைந்திருந்தன. போலீஸ் கூடினால் குற்றம் குறையும் என்ற கோட்பாட்டுக்கு இது எவ்வளவு அழகான சோதனை என்று பாருங்கள்! நிஜ ஊரில் குற்றம் ஏறிய இடத்துக்குத்தான் போலீஸை அதிகம் அனுப்புவார்கள், அதனால் எண்ணிப் பார்த்தால் போலீஸ் அதிகம் உள்ள இடத்தில் குற்றமும் அதிகம் என்றுதான் வரும், காரணமும் விளைவும் பின்னிக் கிடக்கும். இங்கே எல்லா ஆட்டத்துக்கும் ஒரே நாளில் மூன்றாவது நடுவர் வந்துவிட்டார்.

படி 7: உங்கள் முடிவை நீங்களே உடைக்கப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் நம்மில் பலர் தாண்டிப் போகிறோம்.

ஜப்பானிய சுமோவில் ஒரு பெருந்தொடரில் ஒருவருக்கு 15 மல்யுத்தம். எட்டு ஜெயித்தால் தரவரிசையில் ஏற்றம், ஏழோடு நின்றால் இறக்கம், அதனால் எட்டாவது வெற்றிக்கு இருக்கும் மதிப்பு மற்ற எதற்கும் இல்லை. மார்க் டகனும் ஸ்டீவன் லெவிட்டும் பதினோரு ஆண்டு ஆட்டங்களைப் பார்த்தார்கள். கடைசி நாளில் 7-7 என்று நிற்பவர், ஏற்கெனவே 8-6இல் பத்திரமாக இருப்பவரோடு மோதினால், பழைய கணக்குப்படி அவர் ஜெயிக்க வேண்டியது 48.7 சதவீதம். ஜெயித்தது 79.6.

உடனே "விலை போய்விட்டார்கள்" என்று எழுதிவிடலாமா? கூடாது. தேவை உள்ளவர் உயிரைக் கொடுத்து ஆடுவார், மற்றவர் சும்மா நிற்பார் என்பதும் நியாயமான விளக்கம்தான். இரண்டு விளக்கமும் எங்கே பிரிகின்றன என்று தேட வேண்டும். முயற்சிதான் காரணமென்றால் அதே இருவரும் அடுத்த முறை மோதும்போது பழைய நிலை திரும்ப வேண்டும். கடனைத் திருப்பித் தருகிறார்கள் என்றால் அன்று ஜெயித்தவர் அடுத்த முறை வழக்கத்தைவிட அதிகம் தோற்க வேண்டும். தரவில் வந்தது இரண்டாவது, அடுத்த சந்திப்பில் அவர் ஜெயித்தது சுமார் 40 சதவீதம்தான். பத்திரிகைகள் மோசடி பற்றி எழுதிய சமயங்களில் இந்த விசித்திரம் காணாமலும் போனது. ஆய்வு வந்தது 2002இல். 2011இல் போலீஸார் வீரர்களின் கைபேசிகளில் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் பேரச் செய்திகளைக் கண்டெடுத்தார்கள், அந்த ஆண்டு மார்ச் தொடரே ரத்தானது.

உடைக்கும்போது உண்மையிலேயே உடைந்துபோனதும் உண்டு. பெனால்டி ஷூட்-அவுட்டில் (டிராவான ஆட்டத்தை முடிக்க இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி அடிப்பது) முதலில் அடிக்கும் அணிதான் அதிகம் ஜெயிக்கிறது, 60.5 சதவீதம், என்று 129 ஷூட்-அவுட்களை வைத்து 2010இல் ஒரு ஆய்வு சொன்னது. நம் சூத்திரத்தில் போட்டால் திட்டப்பிழை 4.4, ஆகவே 50இலிருந்து 2.4 மடங்கு தூரம், நம்பலாம் போல இருந்தது. 2012இல் வேறு மூவர் 540 ஷூட்-அவுட்களைத் திரட்டினார்கள். விகிதம் 53.3ஆக இறங்கியது, திட்டப்பிழை 2.15, ஒன்றரை மடங்குதான். முதல் ஆய்வை நம்பி ஏ-பி-பி-ஏ என்று அடிக்கும் வரிசையை மாற்றும் சோதனை 2017இல் தொடங்கி அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது.

இதேபோல் இன்னொன்று. கீப்பர் நடுவிலேயே நின்றால் 33.3 சதவீதம் தடுக்கிறார், பாய்ந்தால் 13 முதல் 14தான், இருந்தும் எல்லோரும் பாய்கிறார்கள் என்று 286 பெனால்டிகளை வைத்து ஒரு பிரபலமான முடிவு உண்டு. நின்று கோல் வாங்கினால் வெட்கம், பாய்ந்து வாங்கினால் மரியாதை என்ற விளக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த 286இல் நடுவில் நின்றது 6.3 சதவீதம், அதாவது 18 முறை. 33.3 சதவீதம் என்பது 18இல் ஆறு! சதவீதத்தைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் எத்தனை ஆட்கள் என்று பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை இன்றே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 8: நீங்களே செய்ய ஒரு கணக்கு

கிரிக்கெட் டாஸைவிட நல்ல நாணயம் நமக்குக் கிடைக்காது. தினமும் யாரோ நமக்காகக் குலுக்கிப் போட்டுக் கேமராவில் பதிவும் செய்கிறார்கள். வி. பாஸ்கர் என்ற பொருளியலாளர் ஒருநாள் போட்டிகளை வைத்து 2009இல் இதைச் செய்தார். அவர் யோசனையின் சாரம்: ஒருவரின் வெற்றி மற்றவரின் தோல்வி. இன்றைய ஆடுகளத்தில் முதலில் பேட் செய்வது உள்ளூர் அணிக்கு நல்லது என்றால், அதைத் தடுப்பது எதிரணிக்கு நல்லது, தடுக்க ஒரே வழி தான் முதலில் பேட் செய்வது. ஆகவே இரண்டு கேப்டன்களும் ஒரே விஷயத்தைத்தான் விரும்ப வேண்டும், டாஸில் யார் ஜெயித்தாலும் அதே தேர்வைத்தான் செய்ய வேண்டும். அவர் தரவில் அப்படி நடக்கவில்லை. "நீங்கள் பேட் செய்யுங்கள், நாங்கள் பந்து போடுகிறோம்" என்று இரு தரப்பும் ஒத்துப்போகும் ஆட்டங்கள் நிறைய இருந்தன, பல சமயம் தேர்வு தவறாகி வெற்றி வாய்ப்பையே குறைத்தது.

கிரிக்ஷீட் தளத்தில் ஆட்டத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. உங்களுக்குப் பிடித்த போட்டி வகையை இறக்கிக்கொண்டு ஒரு ஷீட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரிசை போடுங்கள்: தேதி, மைதானம், உள்ளூர் அணி எது, டாஸ் யார் ஜெயித்தார், என்ன தேர்ந்தெடுத்தார், யார் வென்றார், பகல் ஆட்டமா பகலிரவா. பொதுவான மைதானத்தில் நடந்தவற்றை எடுத்துவிடுங்கள், மழையால் முடிவில்லாமல் போனவற்றை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை எண்ணுவதற்கு முன்பே படி 1 தாளில் எழுதுங்கள்.

பிறகு இரண்டு எண்கள். உள்ளூர் அணி டாஸ் ஜெயித்தபோது எத்தனை பங்கு பேட்டிங் எடுத்தது, வெளியூர் அணி ஜெயித்தபோது எத்தனை பங்கு பேட்டிங் எடுத்தது. நாணயத்துக்கு ஆடுகளம் தெரியாது என்பதால் இரண்டு குவியலிலும் ஆடுகளங்கள் சராசரியில் ஒன்றுபோலவே இருக்கும், ஆகவே கோட்பாடு சரியென்றால் இரண்டு பங்கும் சமமாக வர வேண்டும். கற்பனையாக, 400 ஆட்டத்தில் 52 சதவீதமும் இன்னொரு 400இல் 44 சதவீதமும் வந்தது என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பங்கு × (1 − பங்கு) ÷ எண்ணிக்கை போட்டு, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 0.035. வித்தியாசம் 0.08, இரண்டு மடங்கைத் தாண்டுகிறது, கேப்டன்கள் ஒரே கண்ணால் பார்க்கவில்லை என்று எழுதலாம்.

ஒரே ஒரு ஐ.பி.எல். பருவத்தை வைத்து இதைத் தொடங்காதீர்கள். 74 ஆட்டத்தில் பாதிக்குப் பாதி விகிதத்துக்குத் திட்டப்பிழையே 5.8 புள்ளி. "இந்த வருஷம் டாஸ் ஜெயித்தவர்கள் 57 சதவீதம் ஜெயித்தார்கள்" என்று தொலைக்காட்சியில் சொல்வதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று அப்போது உங்களுக்கே தெரியும். ஆயிரம் ஆட்டம் இருந்தால் 1.6 புள்ளிக்கு இறங்கும். முதலில் பேட் செய்த அணிகள் எத்தனை ஜெயித்தன என்று மட்டும் எண்ணுவதும் கூடாது, ஏனென்றால் அது தேர்வு, நாணயம் இல்லை. டாஸ் ஜெயித்தவரையும் தோற்றவரையும்தான் ஒப்பிட வேண்டும்.

கடைசியாக, பகல் ஆட்டங்களையும் பகலிரவு ஆட்டங்களையும் பிரித்து இன்னொருமுறை ஓட்டுங்கள், மாலைப் பனியில் பந்து வழுக்குவதால் விடை மாறலாம். அதற்கு மேல் மாதவாரியாக, நாடுவாரியாக, கேப்டன்வாரியாக என்று துண்டு போட்டுக்கொண்டே போனால் எங்காவது ஒன்று தற்செயலாகவே இரண்டு மடங்கைத் தாண்டி நிற்கும், இருபது துண்டு போட்டால் ஒன்றாவது நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே எத்தனை துண்டு பார்த்தீர்கள் என்ற எண்ணையும் முடிவோடு சேர்த்து எழுதி, ஷீட்டை அப்படியே நண்பர் ஒருவருக்கு அனுப்பி அவரை உடைக்கச் சொல்லுங்கள்.